சிற்றூர் வளர்த்த பேராற்றல்

‘ஸ்மால்வில்’ தொலைக்காட்சித் தொடர்: ஒரு திறனாய்வு

பேராற்றல் படைத்த வீரன் ஒருவனைக் கொண்டு கதை புனைதல் எளிது. இரும்பை வளைத்தான், மலையைப் பெயர்த்தான், எதிர்த்தவரை வீழ்த்தினான் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கேட்போரும் வாய்பிளந்து கேட்பர். அவ்வாற்றல் தன் உடம்பில் ஊறி வருவதை இளைஞன் ஒருவன் முதன்முதலாக உணரும் வேளையைப் புனைவதோ அரிது. அங்கே வியப்பினும் அச்சமே மிகுதி. ‘எனக்கு என்ன நேர்கிறது? நான் யார்?’ என்னும் வினா, வெற்றிக்கு முன்னே வந்து நிற்கிறது. அவ்வினாவிற்கு விடை கூறாமல் வெற்றியை மட்டும் காட்டும் கதை வெறும் வேடிக்கையாய் முடியும்.

அமெரிக்க நாட்டில் 2001ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தொடங்கி, 2011ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நிறைவெய்திய ‘ஸ்மால்வில்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் அவ்வரிய பணியை மேற்கொண்டது. ஆல்பிரட் காஃப், மைல்ஸ் மில்லர் என்னும் இருவர் அதனை உருவாக்கினர். ‘ஸ்மால்வில்’ என்ற பெயரே சிற்றூர் என்னும் பொருள் தருவது. சூப்பர்மேன் என உலகமெல்லாம் அறிந்த வீரன், கான்சாஸ் மாநிலத்து உழவர் ஊர் ஒன்றில் கிளார்க் கெண்ட் என்னும் பள்ளி மாணவனாய் வளர்ந்த காலமே தொடரின் பொருள். வீர உடையும் இல்லை, வானிற் பறத்தலும் இல்லை என்பது படைத்தோர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. பெரும்பாலும் இறுதிப் பகுதி வரையில் அக்கட்டுப்பாட்டை அவர்கள் காத்தனர்.

ஆற்றல் பிறப்பால் வந்தது. அதனை ஆளும் பண்பு வளர்ப்பால் வந்தது. இத்தொடர் நிறுவ முயலும் கருத்து இதுவே. அம்முயற்சி எவ்வளவில் வென்றது, எவ்விடத்தில் வழுவிற்று என ஆராய்வது, நாள்தோறும் இளைஞரோடு பழகும் ஆசிரியப் பெருமக்களுக்குப் பயன் தருவதாகும்.

கதை வளர்ந்த வரலாறு

இக்கதையின் வேர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் நண்பர்களான ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இருவரே சூப்பர்மேனைப் படைத்தவர்கள். இருவரும் 1914ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். குடியேறி வந்த யூதக் குடும்பத்து மக்கள். எழுத்து சீகலுடையது, ஓவியம் ஷஸ்டருடையது. 1938இல் அப்பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். அவ்வாண்டு ஜூன் மாதத்து நாளிட்டு வெளிவந்த ‘ஆக்சன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவ்வீரன் உலகிற்கு அறிமுகமானான்.

அம்முதற் கதையில் அவனுடைய பிறப்பு வரலாறு ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அழிந்துபோகும் கோள் ஒன்றினின்று குழந்தை ஒன்று விண்கலத்தில் அனுப்பப்படுகிறது. வழியே சென்ற ஒருவர் அதனைக் கண்டெடுத்து அனாதை விடுதியில் சேர்க்கிறார். அவ்வளவே. வளர்த்த தாய் இல்லை, தந்தை இல்லை, ஊரும் இல்லை. அத்துணை வலிமை வாய்ந்தவன் ஏன் நல்லவனாய் விளங்க வேண்டும் என்னும் வினா அங்கே எழவுமில்லை, அதற்கு விடையுமில்லை.

மறு ஆண்டே அக்குறை நீங்கத் தொடங்கியது. 1939இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழில் கெண்ட் என்னும் முதிய இணையர் தோன்றுகின்றனர். குழந்தையைக் கண்டெடுத்தவர்களும், பின்னர் விடுதியினின்று தம் மகனாக ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களே. அங்கே இரு அறிவுரைகள் அச்சிறுவனுக்குக் கிடைக்கின்றன. வலிமையைப் பிறர் அறியாமல் மறைத்து வை என்பது தந்தையின் அறிவுரை. உரிய காலம் வரும்போது அதனை மக்களுக்கு உதவப் பயன்படுத்து என்பது தாயின் அறிவுரை. மறைத்தல், உதவுதல் என்னும் இவ்விரண்டும் பிற்காலத்தில் எழுந்த இளமைக் கதைகளுக்கெல்லாம் இரு தூண்களாய் அமைந்தன.

1945ஆம் ஆண்டு நாளிட்ட ‘மோர் ஃபன் காமிக்ஸ்’ 101ஆம் இதழில் சிறுவன் சூப்பர்பாய் பிறந்தான். 1949இல் அவன் வாழும் ஊருக்கு ஸ்மால்வில் என்ற பெயர் வந்தது. 1978இல் ரிச்சர்டு டானர் இயக்கிய திரைப்படம் அவ்வூரைக் கான்சாஸ் மாநிலத்து வயல்வெளிகளின் நடுவே வைத்தது. எல்லா ஆற்றலும் இருந்தும் மாரடைப்பினின்று தந்தையைக் காக்க இயலாமல் மகன் கலங்கி நிற்கும் காட்சியை அளித்தது. 1986இல் படக்கதை ஆசிரியர் ஜான் பைர்ன் மற்றொரு மாற்றம் செய்தார். ஆற்றல் குழந்தைப் பருவத்திலேயே முழுமையாய் இருந்ததன்று. வயது ஏற ஏறச் சிறிது சிறிதாய் மலர்ந்தது என்றார்.

வீடு, ஊர், வயல், படிப்படியான வளர்ச்சி என ஒவ்வொன்றாய் வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1938இல் விடையின்றி நின்ற வினாவிற்குப் பலர் கைகள் கூடி விடை தேடிய வரலாறு இது. ‘ஸ்மால்வில்’ தொடர் இச்செல்வம் அனைத்தையும் பெற்று எழுந்தது.

வயலே பள்ளிக்கூடம்

தொடரின் முதற் பகுதி 1989ஆம் ஆண்டில் தொடங்குகிறது. விண்கற்கள் மழையெனப் பொழிகின்றன. லானா லேங் என்னும் சிறுமியின் பெற்றோர் அவள் கண்ணெதிரே மாய்கின்றனர். சோளக்கொல்லையில் நின்ற லெக்ஸ் லூதர் என்னும் சிறுவன் தன் தலைமயிர் முழுவதையும் இழக்கிறான். அதே மழையோடு வந்திறங்கிய கலத்தினின்று வெளிப்பட்ட குழந்தையை ஜோனதன் கெண்ட், மார்த்தா கெண்ட் என்னும் உழவர் இணையர் கண்டெடுக்கின்றனர். ஊருக்குப் பேரிழப்பாய் வந்த அந்நாளே, பிள்ளையில்லா அவ்வீட்டிற்குப் பேறாய் வந்த நாள். பிற்பகுதிகள் அனைத்திற்கும் வித்தாகும் முரண் இது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. கிளார்க் உயர்நிலைப் பள்ளி மாணவன். பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டால் சோளக்கொல்லை ஊடே ஓடி, பேருந்துக்கு முன்னரே பள்ளியை அடைந்துவிடுவான். எனினும் கால்பந்து அணியிற் சேரத் தந்தை இசைவு தரவில்லை. பிற மாணவர்க்குத் தீங்கு நேருமோ என்பது தந்தையின் அச்சம். ஓடவல்லவனுக்கு ஓடத் தடை. ஆடவல்லவனுக்கு ஆடத் தடை. ஆற்றலைப் பெற்றதனாலேயே பிறர்க்குள்ள எளிய இன்பங்களை இழக்கும் இந்நிலையை முதற் பகுதி அழகுற உணர்த்துகிறது.

பின்னர் வருவதுதான் தொடர் முழுவதிலும் சிறந்த காட்சி. லெக்ஸ் ஓட்டிவந்த கார், பாலத்தின்மேல் நின்ற கிளார்க்கின்மேல் மோதி அவனையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் வீழ்கிறது. கிளார்க்கோ காயமின்றி எழுந்து லெக்ஸின் உயிரைக் காக்கிறான். நன்றிக் கடனாக லெக்ஸ் புதிய வண்டி ஒன்றை அனுப்புகிறான். அதனை ஏற்கலாகாது, திருப்பி அனுப்பு என்கிறார் தந்தை. அதுவரை அடங்கியிருந்த மகனின் உள்ளம் அங்கே வெடிக்கிறது. அருகில் மரக்கிளைகளை அரைத்துத் துண்டாக்கிக் கொண்டிருந்த இயந்திரத்தினுள் தன் கையை நுழைக்கிறான். தந்தை பதறி ஓடிவருகிறார். கையில் சிறு கீறலும் இல்லை. மற்றவர்களைப் போன்றவனாகவா நான் இருக்கிறேன் என்று மகன் கேட்கிறான். அதன் பின்னரே நிலவறைக்கு அழைத்துச் சென்று, அவன் வந்த விண்கலத்தைத் தந்தை காட்டுகிறார்.

ஒரு வீரனின் ஆற்றல் வெளிப்படும் இடம் போர்க்களமன்று. உழவன் வீட்டு முற்றம். கருவி வாளன்று, நாள்தோறும் புழங்கும் இயந்திரம். எழுப்பிய காரணமோ, வேண்டாமென்று மறுக்கப்பட்ட ஒரு வண்டி. இளம்பருவத்தார் வீட்டில் வெடித்தெழும் சினம் எவ்வளவு சிறு காரணத்தில் தொடங்கி எவ்வளவு ஆழமான வினாவில் முடிகிறது என்பதை அறிந்தவர்களே இக்காட்சியை எழுதியிருக்க முடியும். உடம்பைப் பற்றிய கேள்வியும் பிறப்பைப் பற்றிய கேள்வியும் ஒரே மூச்சில் வருகின்றன. தந்தையின் மறுமொழியும் சொல்லாக மட்டும் இல்லாமல் காட்டுதலாக அமைகிறது.

இரண்டாம் பருவத்தில் கிளார்க்கின் கண்களினின்று தீ பிறக்கிறது. வகுப்பறையில், இளமையின் கிளர்ச்சி தோன்றிய வேளையில், அவன் அறியாமலே திரை பற்றி எரிகிறது. தந்தை அதட்டவில்லை; அருவருக்கவுமில்லை. சோளக்கொல்லைப் பொம்மையைக் குறியாய் நிறுத்தி, தீயை வேண்டும்போது எழுப்பவும் வேண்டாதபோது அடக்கவும் பழக்குகிறார். பருவ மாற்றத்தைக் குற்றமாய்க் கருதாமல் பயிற்சியாய் மாற்றும் இத்திறம் ஆசிரியர்கள் உற்று நோக்கத் தக்கது. அடக்குதல் வேறு, ஆளப் பழக்குதல் வேறு. முன்னது அச்சத்தை வளர்க்கும். பின்னது நம்பிக்கையை வளர்க்கும்.

அச்சோளக்கொல்லைப் பொம்மையே முதற் பகுதியில் வேறு பொருளில் வந்தது. ஊர் மாணவர்கள் ஒருவனைப் பிடித்து, மார்பில் எழுத்தொன்றை எழுதி, கொல்லையிற் பொம்மைபோல் கட்டித் தொங்கவிடும் கொடிய விளையாட்டு அவ்வூரில் உண்டு. கிளார்க்கும் அவ்வாறு கட்டப்படுகிறான். அவனை வலுவிழக்கச் செய்யும் விண்கல் கழுத்தில் தொங்குவதால் அவனால் கட்டறுக்க முடியவில்லை. விடுபட்ட பின்னர், தன்னைத் துன்புறுத்தியவர்களின் வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்துவிடுகிறான். யாரையும் அடிக்கவில்லை, ஆயினும் சிறு பழி தீர்த்துக்கொண்டான். குறையே இல்லாத உத்தமனாய் அவனைக் காட்டாதது நன்று.

மறைத்தலின் விலை

தந்தையின் அறிவுரை மறைத்தல் என்றதைக் கண்டோம். அதன் விலையைக் கணக்கிட்டுக் காட்டியது இத்தொடரின் தனிச்சிறப்பு. பழைய படக்கதையில் மறைவு ஒரு விளையாட்டு. இங்கே அது ஒரு புண். காதலிக்கும் லானாவிடம் பொய்; உயிர்த் தோழன் லெக்ஸிடம் பொய்; மாணவர் இதழை நடத்தும் தோழி குளோயியிடம் பொய். உண்மையைச் சொல்லப்பட்ட தோழன் பீட் ராஸ், அம்மறையைச் சுமக்க மாட்டாமல் மூன்றாம் பருவ முடிவில் ஊரையே விட்டுப் போகிறான். சொல்லாவிடின் நட்பு கெடுகிறது. சொன்னாலோ நண்பன் கெடுகிறான்.

2006 ஜனவரியில் ஒளிபரப்பான நூறாம் பகுதியில் இச்சிக்கல் உச்சம் அடைகிறது. கிளார்க் முதன்முறையாக லானாவிடம் தன் உண்மையைக் கூறுகிறான். அந்நாளே அவள் இறக்கிறாள். அந்நாளைத் திருப்பிப் பெற்று அவளை மீட்கிறான். உண்மையை மீண்டும் மறைத்துவிடுகிறான். அவள் உயிருக்கு ஈடாய் அவன் தந்தையின் உயிர் போகிறது. மாநில மேலவைத் தேர்தலில் வென்ற அன்றே ஜோனதன் தன் பண்ணை முற்றத்தில் மகன் கண்ணெதிரே சாய்கிறார். காரைத் தாங்கிய உடம்பும் இயந்திரத்தை வென்ற கையும் அங்கே பயன்படவில்லை. 1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கருத்தே எனினும், ஐந்து பருவங்கள் அத்தந்தையோடு வாழ்ந்த பின் வருவதால் இங்கே அதன் கனம் பெரிது.

இரு தந்தையர்

1960இல் வெளிவந்த ஒரு படக்கதையில், லெக்ஸ் சூப்பர்பாயை வெறுப்பதற்குக் காரணம் ஆய்வுக்கூட விபத்தில் தலைமயிர் போனதே என்றிருந்தது. அறிவாளி ஒருவன் மயிர் இழந்ததற்காக உலகப்பகைவன் ஆனான் என்பது சிரிப்பிற்கு இடமானது. இத்தொடர் அக்காரணத்தை நீக்கி, வளர்ப்பையே காரணமாய் வைத்தது. செல்வர் லயனல் லூதர் தம் மகனை வளர்க்கவில்லை, சோதித்துக்கொண்டே இருந்தார். அன்பிற்கும் விலை உண்டு என்பதே அவர் கற்பித்த பாடம்.

லெக்ஸ் தொடக்கத்தில் தீயவனல்லன். உரத் தொழிற்சாலையை நடத்தச் சிற்றூருக்கு அனுப்பப்பட்ட அவன், கெண்ட் வீட்டு முற்றத்தை ஏக்கத்தோடு பார்க்கிறான். அவ்வீட்டுக் கதவோ அவனுக்கு முழுதும் திறக்கவில்லை. தந்தையின் குற்றத்திற்காக மகனை ஐயுறுகிறார் ஜோனதன். பிறப்பு பெரிதன்று, வளர்ப்பே பெரிது என்று தம் மகனுக்கு வாழ்ந்து காட்டியவர், லெக்ஸை மட்டும் அவன் பிறப்பைக் கொண்டு அளக்கிறார். நல்லவர் ஒருவரின் இக்குறை, ஓர் இளைஞன் கெட்டழிந்ததற்குத் துணைக் காரணமாகிறது. தீமையெல்லாம் தீயவராலேயே விளைகிறது என்று சொல்லாமல், நல்லவர் மூடிய கதவாலும் விளையும் என்று காட்டியமை இத்தொடரை வெறும் வீரக்கதையினின்று உயர்த்துகிறது. ஜோனதனாக ஜான் ஷ்னைடரும், லயனலாக ஜான் குளோவரும், லெக்ஸாக மைக்கேல் ரோசன்பாமும் நடித்த நடிப்பு இதற்குப் பெருந்துணை. ரோசன்பாமின் நடிப்பில் லெக்ஸின் ஏக்கமும் சினமும் ஒரே முகத்தில் தெரிகின்றன. கிளார்க்காக வந்த டாம் வெல்லிங் பேச்சினும் மௌனத்தில் சிறந்தவர்.

மறக்கப்பட்ட மாணவன்

இத்துணைச் சிறப்பும் கொண்ட தொடர் வழுவிய இடம் ஒன்றுண்டு. அதனைக் காட்ட முதற் பருவத்துப் பகுதி ஒன்றே போதும். 2002இல் ஒளிபரப்பான அப்பகுதியில், மின்னல் தாக்கிய விபத்தால் கிளார்க்கின் ஆற்றல் முழுவதும் எரிக் சம்மர்ஸ் என்னும் மாணவனுக்குப் போய்விடுகிறது. எரிக் நலிந்தவன், தோழர் மதியாதவன். அவன் தந்தை அப்பள்ளியிலேயே ஆசிரியர். மகனிடம் குறையே காண்பவர். ஆற்றல் வந்தபின் எரிக் முதலில் ஒரு திருடனைப் பிடித்துப் புகழ் பெறுகிறான். பின்னர் வரம்பு கடந்து பிறரைத் தாக்குகிறான். கிளார்க்கோ எளியவனாகி, அடிபட்டால் வலிக்கும் உடம்போடு சில நாள் மகிழ்கிறான். இறுதியில் ஆற்றல் உரியவனிடம் திரும்புகிறது.

ஆற்றல் ஒன்றே, வீடுகள் இரண்டு, விளைவும் இரண்டு. தொடரின் கருத்தை நிறுவ இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் அச்சான்றுக்குள்ளேயே ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. வளர்ப்பே காரணமாயின், வளர்ப்பு வாய்க்காத எரிக் செய்த குற்றம் எவ்வளவு அவனுடையது? தந்தையுடையது எவ்வளவு? அக்கேள்வியைத் தொடர் கேட்கவில்லை. மூன்றாம் பருவத்தில் அவனை மனநோய் மருத்துவமனை ஒன்றில் காட்டுகிறது. அங்கும் கிளார்க்கின் பகைவனாகவே காட்டுகிறது.

எரிக் ஒருவன் அல்லன். விண்கற்களின் தாக்கத்தால் விந்தை ஆற்றல் பெற்று நெறி தவறியோர் முதற்பருவங்களில் வாரந்தோறும் வருகின்றனர். அவர்களிற் பலர் மாணவர். கிளார்க்கைக் கொண்டுவந்த அதே கல்மழையே அவர்களைக் கெடுத்தது. குளோயி தன் இதழ் அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்த செய்தித் துணுக்குகளைக் கண்டு, இவையெல்லாம் தன்னால் நேர்ந்தவை என்று கிளார்க் முதற் பகுதியிலேயே வருந்துகிறான். அவ்வருத்தம் கடனாக மாறவில்லை. அவர்களை வெல்கிறான், சிலர் இறக்கின்றனர், சிலர் பூட்டிய அறைக்குள் போகின்றனர். அடுத்த வாரம் வேறொருவர். அவர்களில் ஒருவனை முற்றத்திற்கு அழைத்து, ஒரு சோளக்கொல்லைப் பொம்மையை நிறுத்தி, ஆளப் பழக்கியிருந்தால் என்ன? தந்தையிடம் தான் கற்றதைப் பிறர்க்கும் கற்பிக்கும் வாய்ப்பு அத்துணை முறை வந்தும், அது பெரும்பாலும் கைநழுவிப் போயிற்று.

இதனால் 1939ஆம் ஆண்டு வகுத்த இரு தூண்களில், மறைத்தல் என்னும் தூண் பெருத்தும், உதவுதல் என்னும் தூண் மெலிந்தும் நிற்கின்றன. தாய் மார்த்தாவின் பாத்திரமும் அவ்வாறே. அனெட் ஓ’டூல் நயமுற நடித்தும், தந்தை உயிரோடிருந்த வரையில் அவர் குரல் அடங்கியே ஒலித்தது. ஐந்தாம் பருவத்திற்குப் பின் கதை பெருநகரத்தை நோக்கிப் போகிறது. பழைய படக்கதை வீரர்கள் ஒருவர்பின் ஒருவராய் வந்து நிறைகின்றனர். வயலின் மணம் குறைகிறது. ஆற்றலை உணரும் கதை, உணர்ந்த பின்னும் ஐந்தாண்டுகள் நீட்டப்பட்டது.

மதிப்பீடு

குறைகள் இருப்பினும், ‘ஸ்மால்வில்’ முதல் ஐந்து பருவங்களில் ஓர் அரிய செயலைச் செய்தது. வீரனை வானத்தினின்று இறக்கி, உழுத நிலத்தில் நிறுத்தி, தந்தை ஒருவரின் முன் மாணவனாய் அமர்த்தியது. இளமையில் தோன்றும் ஆற்றல் எதுவாயினும், அது உடல் வலிமையோ, அறிவுக் கூர்மையோ, கலைத்திறனோ, முதலில் அதற்குரியவனையே அஞ்சவைக்கும் என்பதை உணர்த்தியது. அவ்வேளையில் அருகில் நிற்பவர் அதட்டுவாரா, பழக்குவாரா என்பதைப் பொறுத்தே அவன் வாழ்வு அமையும் என்பதையும் உணர்த்தியது.

ஆயினும் ஆசிரியர்கள் இத்தொடரை மாணவரிடையே எடுத்துரைக்கும்போது கிளார்க்கின் வெற்றியோடு நிறுத்திவிடலாகாது. வகுப்பறையில் நல்ல வீடு வாய்த்த கிளார்க்குகளும் இருப்பர், எரிக்குகளும் இருப்பர். கிளார்க்குக்கு வழிகாட்டத் தந்தையும் தாயும் இருக்கின்றனர். எரிக்குக்கு, ஆசிரியரை விட்டால் வேறு யார்? தொடர் கேளாமல் விட்ட இக்கேள்வியைக் கேட்பதே ஆசிரியர் கடமை. அதற்கு விடையாய் நிற்பது அவர்தம் தொழிலின் பெருமை.